கிளினிக் கொப்பி வீட்டில் இருந்தது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

போன கிழமை உங்கள் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தின் அடியில் நாலு வரியில் ஒரு செய்தி வந்திருந்தது. அமெரிக்காவில் சிறைக்கைதி ஒருவர், உள்ளே தனக்கு ஒழுங்கான வைத்தியம் கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டிருக்கிறாராம். எங்கள் சந்தித் தேத்தண்ணிக்கடையில் பேப்பரை உரத்து வாசிக்கிற பழக்கம் இன்னும் விட்டுப்போகவில்லை. வாசித்து முடிக்க முதலே ஒருவர், "மறியலுக்குள்ள இருந்துகொண்டு வழக்கும் போடுறாராம், வெளியில நிக்கிற எங்களுக்கே மருந்தில்லை" என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. அவர் சொன்னதில் பாதி உண்மையும் இருக்கிறது. 2022 இல் விடியப்புறம் எழும்பி கிளினிக்குக்குப் போய், மருந்தை வெளியில் வாங்கச்சொல்லிக் கொடுத்த துண்டோடு மட்டும் திரும்பிவந்தவர்கள்தான் அந்தக் கடையில் இருந்த முக்கால்வாசிப் பேரும். இரண்டு வருடத்துக்கு முந்தியென்றால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன்.

ஏன் சிரிக்கவில்லை என்பதைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். இடமில்லையென்றால் என் வீட்டுக் கதையை வெட்டுங்கள், பின்னால் வருகிற சட்ட விஷயத்தில் மட்டும் கைவைக்காதீர்கள்.

என் தங்கையின் மகனுக்குப் பதினொரு வயதிலேயே சீனி வருத்தம் வந்துவிட்டது. வயது போனவர்கள் குளிசையோடு சமாளிக்கிற சீனி இல்லை இது, உடம்பு இன்சுலினே சுரக்காத வகை. காலையும் பின்னேரமும் ஊசி போட்டே ஆகவேண்டும். கரண்ட் இல்லாத நாட்களில் பானைக்குள் ஈரமணல் போட்டு, அதற்குள் சின்னப் பானை வைத்து, அதில் மருந்துப் போத்தலைப் பத்திரப்படுத்தித்தான் தங்கை அவனை வளர்த்தாள். ஆள் நன்றாகத்தான் இருந்தான், பந்தும் அடிப்பான்.

இருபத்திரண்டு வயதில் பெர்மிட் இல்லாமல் மணல் ஏற்றிய உழவு இயந்திரத்தோடு பிடிபட்டான். மணல் ஏற்றியது பிழை, அதற்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை, ஆற்றங்கரை எப்படிக் கிடக்கிறது என்று எனக்கும் தெரியும். இயந்திரத்தின் சொந்தக்காரர் அன்றிரவு தன் வீட்டில் நிம்மதியாக நித்திரை கொண்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சரி, அது வேறு கதை. நீதிமன்றத்தில் பிணை கிடைத்தது. ஆனால் பிணைக்காரர் இரண்டு பேரும் கிராம அலுவலரின் அத்தாட்சியோடு வரவேண்டும், அன்று வெள்ளிக்கிழமை, கிராம அலுவலரைத் தேடிப்பிடித்து, பிரதேச செயலகத்தில் ஒப்பம் வாங்கிக்கொண்டு வருவதற்குள் நீதிமன்றக் கந்தோர் பூட்டிவிட்டது. அடுத்து சனி, ஞாயிறு, திங்கள் போயா விடுமுறை. பிணை கிடைத்த பெடியன் ஒரு கடதாசிக்காக நாலு இரவு உள்ளே.

நான் அன்று பின்னேரமே இன்சுலின் போத்தலையும் ஊசிகளையும் ஐஸ்கட்டி போட்ட சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மோட்டார்சைக்கிளில் சிறைச்சாலை வாசலுக்குப் போனேன். வெளிமருந்து எடுக்கமாட்டோம் என்றார்கள். ஊசி என்றதும் வாசலில் நின்றவரின் முகம் மாறியது. அவரையும் முழுதாகக் குறை சொல்லமாட்டேன், போதைப்பொருள் வழக்குக்காரரால் நிரம்பியிருக்கிற இடத்துக்குள் ஊசியை எப்படி விடுவார். "உள்ளுக்கு டொக்டர் பார்ப்பார் ஐயா" என்றார். டொக்டர் எந்த நாள் வருவார் என்று கேட்டேன், அதற்குப் பதில் இல்லை. அப்புறம் அவரே, "துண்டு ஏதும் இருக்கா, கிளினிக் கொப்பி?" என்று கேட்டார். வருத்தமும் மருந்தும் எழுதியிருக்கிற அந்தக் கொப்பி வீட்டில், அலுமாரிக்கு மேலே. போய் எடுத்துவர ஒன்றரை மணித்தியால ஓட்டம், பார்க்கவிடுகிற நேரமும் முடிந்துவிட்டது. நாளைக்குக் கொண்டுவாருங்கள் என்றார். அடுத்தநாள் கொப்பியோடு போனால் வாசலில் வேறு ஆள், கொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் கொடுக்கச்சொல்லித் திருப்பித் தந்துவிட்டார்.

உள்ளே அவன் தனக்குச் சீனி என்று சொல்லியிருக்கிறான். சீனிக்குளிசை கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய் முடிந்த வண்டிக்குச் சில்லுக்குக் காற்றடித்தது மாதிரி. ஞாயிற்றுக்கிழமை வயிற்றுக்குத்து, சத்தி, தண்ணி தா தண்ணி தா என்று கேட்டபடி இருந்திருக்கிறான். நடிப்பு என்று ஒருவர், சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இன்னொருவர். திங்கள் இரவு மூச்சை இழுத்து இழுத்து விடத் தொடங்கிவிட்டான். அதே அறையில் இருந்த சிங்களப் பெடியன் ஒருவன் கம்பியில் தட்டித் தட்டிக் கத்தியதில்தான் ஒரு காவலர் ஓடிவந்து பார்த்து, மேலதிகாரியோடு சண்டைபிடித்து வாகனம் எடுப்பித்தார். அந்தக் காவலரின் பெயர் எனக்குத் தெரியும், எழுதினால் இடமாற்றம்தான் அவருக்குப் பரிசாகக் கிடைக்கும் என்பதால் எழுதவில்லை. இரத்தத்தில் அமிலம் ஏறிவிட்டது, விடியும்வரை வைத்திருந்தால் ஆள் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூன்று நாள் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான், முதல்நாள் ஒரு காலைக் கட்டிலோடு விலங்கு போட்டிருந்தார்கள். மயங்கிக் கிடக்கிறவன் எங்கே ஓடுவான்?

ஆள் பிழைத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை பிணைக் கடதாசியும் சரிவந்தது. வழக்குப் போடலாமா என்று நான் கேட்டபோது தங்கை சொன்னது, "அண்ணை, பிள்ளை உயிரோட வந்திட்டான், ஏன் வம்பு, விடுங்கோ." அவன் தேறி நடமாடத் தொடங்கி, எனக்கு மனம் ஆறாமல், தெரிந்த சட்டத்தரணித் தம்பி ஒருவரிடம் போகும்போது ஐந்து கிழமை கடந்துவிட்டது. அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "ஐயா, எழுத்தில என்ன இருக்கு?"

ஒன்றுமில்லை. வாசலில் மருந்தை மறுத்ததற்கு எழுத்தில்லை. கொப்பியைக் காட்டியதற்கு எழுத்தில்லை. அவன் உள்ளே மூன்றுநாள் கேட்டதற்கு எழுத்தில்லை. வெள்ளிக்கிழமை நீதவான் முன்னால் நின்றபோது, இவன் இன்சுலின் ஊசி போடுகிற ஆள் என்று ஒரு வசனம் நாங்கள் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அது வழக்கேட்டில் ஏறியிருக்கும், சிறைக்கு ஒரு கட்டளையும் போயிருக்கலாம். எங்களுக்கு அப்போது பிணைக்காரரைத் தவிர வேறு யோசனை இல்லை.

அந்தத் தம்பிதான் எனக்கு அமெரிக்காவில் 1976 இல் முடிந்த ஒரு வழக்கைச் சொன்னார். வீட்டுக்கு வந்து மகளைக்கொண்டு அந்தத் தீர்ப்பைத் தேடி எடுப்பித்து, அவள் வாசித்துத் தமிழில் சொல்லச்சொல்ல இரண்டு இரவு கேட்டேன். உங்கள் நாலு வரிச் செய்தி மாதிரியான வழக்குகள் எல்லாவற்றுக்கும் அடி அங்கேதான் இருக்கிறது என்றபடியால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெக்சாஸ் மாநிலச் சிறையில் காம்பிள் என்று ஒரு கைதி. 1973 நவம்பர் 9 ஆம் திகதி லொறியில் இருந்து பருத்திப் பொதி இறக்கும் வேலையில் இருந்தபோது பொதி ஒன்று அவர்மேல் விழுந்துவிட்டது. பொதியின் நிறை 600 இறாத்தல் அளவில். நாலு மணித்தியாலம் அப்படியே வேலை செய்திருக்கிறார், பிறகு உடம்பு விறைத்து நிமிர முடியவில்லை. நோக்குளிசை கொடுத்தார்கள், முதுகுப் பிடிப்பு என்றார்கள், சில நாள் வேலையில் இருந்து விலக்குக் கொடுத்தார்கள். கீழ்க்கட்டில் கொடுக்கும்படி வைத்தியர் எழுதினார், சிறைக்காரர் கொடுக்கவில்லை. பிறசர் மருந்துக்கு எழுதிய துண்டை ஊழியர்கள் தொலைத்துவிட்டார்கள், நாலு நாள் மருந்தில்லை. வலி குறையவில்லை, வேலைக்குப் போகமாட்டேன் என்றதற்கு ஒழுக்காற்று விசாரணை. அங்கே மருத்துவ உதவியாளர் ஒருவர் வந்து, ஆள் முதல்தரமான உடல்நிலையில் இருக்கிறார் என்று சாட்சி சொல்ல, தனியறைக்கு அனுப்பிவிட்டார்கள். தனியறையில் நெஞ்சுவலி, கண் இருட்டிக்கொண்டு வருகிறது என்று கேட்டார், ஒருநாள் காட்டினார்கள், இதயத்துடிப்பு ஒழுங்கில்லை என்று மருந்தும் தொடங்கினார்கள். பிறகு திரும்பக் கேட்டபோது இரண்டு நாள் காவலர்கள் விடவில்லை.

அந்த மனிதர் செய்த வேலையைப் பாருங்கள். 1974 பெப்ரவரியில், சட்டத்தரணி யாரும் இல்லாமல், தன் கையால் முறைப்பாட்டை எழுதினார். எந்தத் திகதி யாரிடம் போனேன், என்ன மருந்து தந்தார்கள், எது கிடைக்கவில்லை, எல்லாம் அதில் இருந்தது. பொதி விழுந்ததில் இருந்து எழுதிய நாள் வரைக்கும் மூன்று மாதம்தான், அந்த மூன்று மாதமும் அந்தக் கடதாசியில் நாள்வாரியாகக் கிடக்கிறது. கைதி கையால் எழுதியதைச் சட்டத்தரணி எழுதியதை அளக்கிற கோலால் அளக்கக்கூடாது, தாராளமாக வாசிக்கவேண்டும் என்று அந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே சொன்னது.

தீர்ப்பை எழுதியவர் தர்குட் மார்ஷல். அவர் சொன்னதன் சாரம் இதுதான்: கைதி தன் வருத்தத்துக்குச் சிறை அதிகாரிகளை நம்பித்தான் இருக்கவேண்டும், அவர்கள் செய்யாவிட்டால் அவனுக்கு வேறு யாரும் செய்யப்போவதில்லை. ஆகவே கடும் வருத்தம் என்று தெரிந்துகொண்டே அலட்சியமாக விட்டால், அது கொடூரமான தண்டனையைத் தடைசெய்கிற அரசியலமைப்புத் திருத்தத்தை மீறுவதாகும். வைத்தியர் கவனிக்காமல் விட்டாலும் இது பொருந்தும், காவலர் வைத்தியரிடம் போகவிடாமல் மறித்தாலும் பொருந்தும், எழுதிக்கொடுத்த சிகிச்சையை வேண்டுமென்று குழப்பினாலும் பொருந்தும்.

இதில் ஒரு விசயம் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, வைத்தியர் மேல் காம்பிள் போட்ட வழக்கு நிற்காது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. மூன்று மாதத்தில் 17 தடவை மருத்துவ ஆட்கள் அவரைப் பார்த்திருக்கிறார்கள், எக்ஸ்ரே எடுக்காமல் விட்டது கூடிப்போனால் வைத்தியத் தவறு, அது கொடூரத் தண்டனை ஆகாது என்றார்கள். 17 தடவை பார்த்தார்கள் என்ற கணக்கே அவர் எழுதிக்கொடுத்த முறைப்பாட்டில் இருந்து எடுத்ததுதான். தான் எழுதியதே தனக்கு எதிராகத் திரும்பியது. ஆனாலும் அவர் பெயரில் வந்த அந்த அளவுகோலைப் பிடித்துக்கொண்டுதான் பிறகு எத்தனையோ பேர் நீதிமன்றப் படியேறினார்கள். உதாரணத்துக்குக் கலிபோர்னியா. 80,000 பேருக்குக் கட்டிய சிறைகளில் இரண்டு மடங்குக்குக் கிட்ட ஆட்களை அடைத்து வைத்தியம் நாறிப்போயிருந்தது, கைதிகள் 2001 இல் போட்ட வழக்கு 2011 இல் உச்ச நீதிமன்றம் போய், நெரிசலைக் கட்டிய கொள்ளளவின் 137.5 வீதத்துக்குக் குறைக்கும்படி தீர்ப்பு வந்தது. ஐந்துக்கு நாலு என்ற கணக்கில்தான் வென்றார்கள். சில இடங்களில் ஒரு மலசலகூடத்தை 54 பேர் பாவித்ததாகத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் சிறைகளுக்குள் போய்வந்தவர்களுக்கு அந்த எண்ணிக்கை பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

தேத்தண்ணிக்கடையில் அப்படிச் சொன்னவருக்குத் திரும்ப வருகிறேன். வெளியில் நிற்கிற எங்களுக்கே மருந்தில்லை என்றால் உள்ளே இருக்கிறவனுக்கு எதற்கு என்பது அவர் கேள்வி. எனக்கு வருத்தம் வந்தால் நான் என்ன செய்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். கிட்ட உள்ள ஆஸ்பத்திரியில் டொக்டர் இல்லையென்றால் பஸ் ஏறி வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போவேன், அதுவும் சரிவராவிட்டால் யாழ்ப்பாணம். காசில்லையென்றால் மச்சானிடம் கைமாத்து வாங்குவேன், மனிசியின் சங்கிலியை அடகு வைப்பேன். நாட்டு வைத்தியரிடம் எண்ணெய் வாங்குவேன். ஒன்றும் இல்லாவிட்டால் முறிகண்டியில் தேங்காய் உடைப்பேன், வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைப்பேன். மருந்தில்லாத நாளிலும் எனக்கு இத்தனை வாசல் திறந்திருக்கிறது. பூட்டுப் போட்ட அறைக்குள் இருக்கிறவனுக்கு ஒரே ஒரு வாசல், அதன் திறப்பும் அரசாங்கத்தின் இடுப்பில். கால் இருந்தும் ஆஸ்பத்திரிக்கு நடந்துபோக முடியாதபடி ஆக்கியவர்கள்தானே அவனைக் கூட்டிப்போகவும் வேண்டும்? நீதிமன்றம் அவனுக்கு விதித்தது மறியல், அதோடு சேர்த்துச் சீனியையும் வலிப்பையும் விதிக்கவில்லை.

அப்புறம், உள்ளே இருக்கிறவர்கள் எல்லோரும் குற்றவாளி என்று யார் சொன்னது? இலங்கைச் சிறைகளில் எந்த நாளிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தீர்ப்பே வராத விளக்கமறியல்காரர். மிச்சப்பேரிலும் தண்டப்பணம் கட்டக் காசில்லாமல் போனவர்கள் நிறைய. என் மருமகன் பிணை கிடைத்த ஆள், அவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

எங்கள் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன், இதை வெட்டாதீர்கள். சுகாதாரம் அடிப்படை உரிமை என்று எங்கள் அரசியலமைப்பில் தனியாக ஒரு உறுப்புரை இல்லை. ஆனால் 11 ஆம் உறுப்புரையில் யாரையும் சித்திரவதை செய்யவோ கொடூரமாக, இழிவாக நடத்தவோ கூடாது என்று இருக்கிறது. அதை மீறினால் 126 ஆம் உறுப்புரையின்கீழ் நேரே கொழும்பில் உயர் நீதிமன்றத்துக்கு மனுப் போடலாம். ஆனால் ஒரு மாதத்துக்குள். நான் ஐந்து கிழமை கழித்துப் போனேன் என்று சொன்னேனே, அந்த இடத்தில்தான் எங்கள் கதை முடிந்தது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலாவது முறையிட்டிருந்தால், 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி அங்கே விசாரணை நடக்கிற காலம் அந்த மாதக் கணக்கில் சேராது. அதற்கும் முறைப்பாட்டின் பிரதி இலக்கத்தோடு கையில் இருக்கவேண்டும், விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்று காட்டவேண்டும். வாயால் சொல்லிவிட்டு வந்தேன் என்றால் எடுபடாது. சட்டத்தரணி பிடிக்க வழியில்லாத கைதி எழுதி அனுப்புகிற வெறும் கடிதத்தையும் மனுவாக எடுத்துக்கொள்ள உயர் நீதிமன்றத்தின் 1990 ஆம் ஆண்டு விதிகளில் இடம் இருக்கிறது. காம்பிள் எழுதிய கடதாசியை நினைத்துக்கொண்டேன்.

ஆள் செத்துப்போனால் என்ன செய்வது என்பதற்கும் பதில் இருக்கிறது. பொலிஸ் அடித்து, விளக்கமறியலில் வைத்து, இறந்துபோன ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் ஏற்று 2003 இல் தீர்ப்புச் சொன்னது. உயிர்வாழும் உரிமை என்று எங்கள் அரசியலமைப்பில் வெளிப்படையாக எழுதவில்லை, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் யாருக்கும் மரண தண்டனையோ மறியலோ கொடுக்கக்கூடாது என்கிற 13(4) ஆம் உறுப்புரைக்குள் அது அடங்கியிருக்கிறது என்று நீதியரசர் மார்க் பெர்னாண்டோ வாசித்தெடுத்தார். எழுதாததையும் ஒரு நீதியரசர் வாசிக்கிறார், எழுதியதையே வாசிக்காத கந்தோர்களும் இருக்கின்றன.

2012 இல் வவுனியாச் சிறைக் கலவரத்துக்குப் பிறகு இடம்மாற்றப்பட்ட தமிழ்க் கைதிகளில் இரண்டு பேர் இறந்ததை வன்னியில் யாரும் மறக்கவில்லை. அதைப்பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. மனித உரிமைகள் ஆணைக்குழுவே 20 சிறைச்சாலைகளுக்குப் போய்ப் பார்த்து 2020 இல் பெரிய ஆய்வறிக்கை ஒன்று வெளியிட்டது, அதை வாசிக்க நேரம் இருக்கிறவர்கள் வாசித்துப் பாருங்கள்.

நான் எழுத நினைப்பது பாஷையைப் பற்றி. மருமகனுக்கு அந்தத் திங்கள் இரவு வாகனம் வந்தது அவன் கத்தியதால் இல்லை, பக்கத்தில் இருந்தவன் சிங்களத்தில் கத்தியதால். இதை அவன் இன்றைக்கும் சொல்வான். தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் 1987 இலேயே எழுதியாகிவிட்டது, ஆனால் வலி என்பது அரசகரும விசயம் இல்லையே. எங்கள் ஆட்கள் வலியைச் சொல்கிற விதத்தைப் பாருங்கள். உளையுது என்போம், கடுக்குது என்போம், குத்துது, எரியுது, விறைக்குது, இழுக்குது, நெஞ்சு பிசையுது, கால் பெருவிரல் சுள் சுள் என்றிருக்குது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருத்தம். கால் உளையுது என்பதற்கும் கால் விறைக்குது என்பதற்கும் சீனி வருத்தக்காரனில் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்று எந்த டொக்டரிடமும் கேளுங்கள், விறைப்பு என்றால் நரம்பு போகத் தொடங்கிவிட்டது, நாளைக்குப் புண் வந்தாலும் அவனுக்குத் தெரியாது. தெற்கில் உள்ள சிறைக்கு மாற்றப்பட்ட எங்கள் பெடியன் அரைகுறைச் சிங்களத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைத்தான் சொல்வான், வலி. எந்த வலிக்கும் பனடோல். வருடக்கணக்காக உள்ளே இருக்கிற மகனைப் பார்க்கக் கொழும்புக்குப் போய்வருகிற ஒரு தாய் என்னிடம் சொன்னா, மகன் கடிதத்தில் எழுதுகிற வருத்தம் வேறு, அங்கே அட்டையில் எழுதியிருக்கிற வருத்தம் வேறு என்று. அவவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது, பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஆமிக்காரப் பெடியனிடம் கொடுத்து வாசிப்பித்தாவாம். அவனும் பாவம், வாசித்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருந்தானாம்.

நெல்சன் மண்டேலா 1988 இல் சிறையில் இருந்தபோது காசநோய் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர். அவர் பெயரில் ஐ.நா. 2015 இல் எடுத்த சிறை விதிகளில் 24 ஆவது, கைதிக்கு வைத்தியம் பார்ப்பது அரசின் பொறுப்பு, ஊரில் உள்ளவனுக்குக் கிடைக்கிற அதே தரத்தில், இலவசமாக என்கிறது. ஊருக்குக் கிடைக்கிறதைவிட மேலாக யாரும் கேட்கவில்லை, தேத்தண்ணிக்கடையில் கேட்டவர் கவனிக்கவேண்டும். 27 ஆவது விதி எனக்குப் பிடித்தது: வைத்தியம் சம்பந்தமான முடிவை வைத்திய ஆட்கள்தான் எடுக்கலாம், சிறை உத்தியோகத்தர் அதைத் தட்டிக்கழிக்கக்கூடாது. நடிப்பா, இல்லையா என்று முடிவெடுக்கவேண்டியது திறப்புக்கோர்வை வைத்திருக்கிறவர் இல்லை.

ஆசிரியரே, உங்களிடமும் ஒன்று கேட்கவேண்டும். பெடியன் மணலோடு பிடிபட்ட அன்று உங்கள் பத்திரிகையிலேயே உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் அவன் நிற்கிற படம் வந்தது. நாலாம் நாள் அவன் சாகக்கிடந்தது எந்தப் பத்திரிகையிலும் வரவில்லை, நாங்களும் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அதற்கு வட்டியாக ஒரு கால்பக்கம் தாருங்கள். தங்கள் வீட்டு ஆளைப் பொலிஸ் கொண்டுபோனால் சனம் என்ன செய்யவேண்டும் என்று சட்டம் தெரிந்த ஒருவரைக்கொண்டு எழுதிப் போடுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பிணைக்காரரைத் தேடி ஓட முதல் கிளினிக் கொப்பியை எடுங்கள். ஆளுக்கு இன்ன வருத்தம், இன்ன மருந்து என்று நீதவானுக்குச் சொல்லும்படி சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், சட்டத்தரணி இல்லையென்றால் கூண்டில் நிற்கிறவனே கையை உயர்த்திச் சொல்லலாம், நீதவான் அடிக்கமாட்டார். அது வழக்கேட்டில் ஏறினதா என்று பாருங்கள், பிறகு சான்றுப்படுத்திய பிரதி எடுக்கலாம். சிறை வாசலில் மருந்தை மறுத்தால் சண்டைபிடிக்காமல், திகதியும் நேரமும் போட்டு அத்தியட்சகருக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில். தபால் துண்டைக் கொட்டிலின் முகட்டில் செருகி வைக்காதீர்கள், எலி கொண்டுபோய்விடும், எனக்கு ஏற்கனவே ஒரு காணி உறுதி அப்படிப் போனது. காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வவுனியாவில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, தமிழிலேயே எழுதிக்கொடுக்கலாம்.

இதையெல்லாம் செய்தால் உயிர் தப்பும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். அந்தத் திங்கள் இரவு அவனைத் தப்பவைத்தது கடதாசி இல்லை, ஒரு சிங்களப் பெடியனின் தொண்டையும் ஒரு காவலரின் கோபமும்தான். ஆனால் அந்த இரண்டும் வாய்க்காதவனுக்கு என்ன நடந்தது என்று பிறகு யாரும் கேட்பதற்காவது ஒரு துண்டு வேண்டும்.

மணல் வழக்கு இன்னும் முடியவில்லை, தவணைக்குமேல் தவணை. அடுத்தது வாற மாதம். தங்கை கொப்பியைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு, மூன்று போட்டோக்கொப்பி எடுத்து, ஒன்றைச் சட்டத்தரணியிடம், ஒன்றை என்னிடம், மற்றதை மருமகனின் சேட்டுப் பையில் வைக்கும்படி கொடுத்திருக்கிறாள். அவனுக்கு வெட்கமாம், பொடியள் பகிடி பண்ணுகிறார்களாம். தவணை அன்று விடிய ஏற்ற வரும்போது பையைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மோட்டார்சைக்கிளை எடுப்பேன்.

பெயரைப் போடவேண்டாம்.

மாங்குளம் பக்கத்து வாசகர் ஒருவர்